ஜெர்மனியில் துப்பாக்கியைத் தொட மறுத்தவர்கள்: கேள்வி பதில்

வணக்கம். ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. வரலாற்றில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனால் போர் வேண்டாம் என்று சொன்ன ஜெர்மானியர்களைப் பற்றி மட்டும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே இருக்கிறேன். இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று நடுவில் ஒரு கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறேன். கேளுங்கள்.

பொட்டிக்கடை: அக்கா, நேராகவே கேட்கிறேன். ரெண்டு உலகப் போரையும் நடத்திய நாடு. 1945ல் செம அடி வாங்கிய பிறகு வந்த ஞானம்தானே இந்த அமைதி எல்லாம்?

எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். 1945க்கு முன்னால் நானூறு வருடக் கதை இருக்கிறது தம்பி.

நான் இருக்கும் பக்கத்திலேயே, நெக்கார் ஆற்றங்கரையில் ரொட்டன்பர்க் என்று ஓர் ஊர். 1527 மே மாதம் அங்கே மிகாயேல் சாட்லர் என்பவரை நாக்கை அறுத்து எரித்தார்கள். மடத்துறவியாக இருந்து வெளியே வந்தவர். அதே ஆண்டு பிப்ரவரியில் ஷ்லைட்ஹைம் என்ற இடத்தில் கூடிய ஞானஸ்நானக்காரர்களின் (குழந்தைக்கு அல்ல, வளர்ந்து விசுவாசம் வந்தவனுக்கே ஞானஸ்நானம் என்ற பிரிவினர்) கூட்டம், கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவன் வாளை ஏந்தக் கூடாது என்று எழுத்தில் வைத்தது. எழுதியதில் முக்கியமான கை இவருடையது. துருக்கியப் படை வந்தாலும் எதிர்த்து ஆயுதம் எடுக்கக் கூடாது என்று சொன்னதும் விசாரணையில் அவர்மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று. சில நாள் கழித்து அவர் மனைவி மார்கரேட்டாவை அதே ஆற்றில் மூழ்கடித்தார்கள்.

இந்த வழியில் வந்தவர்களில் ஒரு பிரிவுதான் மென்னோனைட்டுகள். விஸ்டுலா ஆற்றுப் படுகையில் சதுப்பு நிலத்தை வடித்து விவசாயம் செய்தவர்கள். அந்தப் பகுதி பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் கைக்கு வந்ததும், 1780ல் மன்னர் இரண்டாம் ஃபிரெட்ரிக் ஓர் ஏற்பாடு செய்தார்: நீங்கள் படைக்கு வர வேண்டாம், பதிலுக்கு ஆண்டுதோறும் 5,000 தாலர் கட்டுங்கள். அந்தப் பணம் எங்கே போனது தெரியுமா? குல்ம் என்ற ஊரில் இருந்த ராணுவப் பயிற்சிப் பள்ளிக்கு. ஆயுதம் தொடாமல் இருப்பதற்காக இவர்கள் கட்டிய பணத்தில் பிரஷ்ய அதிகாரிகளின் பிள்ளைகள் ஆயுதம் பழகினார்கள். அரசாங்கம் என்றால் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் ஒரே புத்திதான்.

ரயில்பூச்சி: அவர்கள் கடைசிவரை அப்படியே இருந்தார்களா?

இல்லை. சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கும் பகுதி இது. கொஞ்ச நாளில் நிலம் வாங்க முட்டுக்கட்டை போட்டார்கள். நிலம்தான் படைக்கு ஆள் தரும் கணக்கு. ஆள் தராதவன் கையில் நிலம் சேர்ந்தால் கணக்கு இடிக்கும் அல்லவா. அதனால் 1780களின் கடைசியிலிருந்து பெரும் கூட்டம் ரஷ்யாவுக்குக் குடிபெயர்ந்தது. தங்கியவர்களுக்கு 1867ல் வட ஜெர்மன் கூட்டமைப்பின் கட்டாய ராணுவச் சட்டம் வந்து விலக்கு போயிற்று. 1868ல் ஒரு சமரசம்: மருத்துவப் படையிலோ வண்டியோட்டியாகவோ இருந்தால் போதும். ஒப்புக்கொள்ளாதவர்கள் அமெரிக்கா போனார்கள். இருந்தவர்கள் மெல்ல மெல்லக் கரைந்தார்கள். முதல் உலகப் போரில் பெரும்பாலானவர்கள் துப்பாக்கியோடுதான் நின்றார்கள். ஹிட்லர் வந்த மறு வருடம், 1934ல், அவர்களுடைய சங்கமே ஆயுதம் ஏந்தாமைக் கொள்கையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. நானூறு வருடம் காத்த விரதம்.

கல்லூரிச்சாலை: கான்ட் அமைதியைப் பற்றி எழுதினார் என்று தத்துவ வகுப்பில் சொன்னார்கள். இந்தக் கதையில் அவருக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் ஓரமாக. 1795ல் ‘நிரந்தர அமைதி’ பற்றி எழுதினார். நிலையான படைகள் காலப்போக்கில் ஒழிய வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. எனக்குப் பிடித்தது ஆரம்ப வரி. ஒரு டச்சு சத்திரக்காரன் தன் கடைப் பலகையில் ‘நிரந்தர அமைதிக்கு’ என்று எழுதி, கூடவே ஒரு கல்லறைத் தோட்டத்தின் படமும் வரைந்து வைத்திருந்தானாம், அங்கிருந்துதான் தலைப்பு. கான்ட்டை வறட்டுக் கிழவர் என்பவர்கள் இந்த ஒரு வரியையாவது படிக்கலாம். ஆனால் அவர் யாரையும் படைக்குப் போகாதே என்று சொன்னவர் இல்லை.

நெய்தல்: சங்கம், கூட்டம், துண்டறிக்கை என்று இயக்கமாக எப்போது ஆரம்பித்தது?

1892, பெர்லின். ‘ஜெர்மன் அமைதிச் சங்கம்’. ஆரம்பித்து வைத்ததில் முக்கியமான இருவர், பெர்தா ஃபொன் சுட்னரும் ஆல்ஃப்ரெட் ஃப்ரீடும், ஆஸ்திரியர்கள். சுட்னர் பிராகா நகரத்துப் பிரபு குடும்பம். 1889ல் வந்த ‘ஆயுதங்களைக் கீழே போடு’ என்ற நாவலால் பெயர் பரவியது. 1905ல் அமைதிக்கான நோபல், அதைப் பெற்ற முதல் பெண். 1914 ஜூன் 21ல் கண்ணை மூடினார். சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் உலகப் போருக்குத் தீ மூட்டியது ஜூன் 28. ஒரு வாரம். பாக்கியசாலி என்று சொல்லத் தோன்றும்.

சங்கத்தின் அளவைக் கேட்டால் சிரிப்பீர்கள். போருக்கு முன் சுமார் 10,000 பேர். அதே சமயம் பெரிய பெரிய போர்க்கப்பல் கட்டு என்று கூவிய கடற்படைச் சங்கத்தில் லட்சக்கணக்கான உறுப்பினர்கள். அந்தக் காலக் கேலிச்சித்திரங்களில் அமைதிவாதி என்றாலே ஒன்று கிழவி, இல்லாவிட்டால் குடையை மறந்துவிட்டு வந்த வாத்தியார்.

அந்த வாத்தியார்களில் ஒருவர் லுட்விக் குவிட்டே. வரலாற்று அறிஞர். 1894ல் ரோமானிய மன்னன் கலிகுலாவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அடிக்குறிப்போடு எல்லாம் ஒழுங்கான ஆராய்ச்சி. ஆனால் படித்தவன் எவனுக்கும் அது அன்றைய ஜெர்மன் பேரரசர், கைசர் இரண்டாம் வில்ஹெல்மைப் பற்றியது என்று இரண்டாவது பக்கத்திலேயே புரிந்துவிடும். அரசாங்கத்துக்கு இருதலைக்கொள்ளி: வழக்குப் போட்டால், ‘ஆமாம், பைத்தியக்கார மன்னன் என்றால் எங்கள் கைசர்தான்’ என்று அரசு வக்கீலே ஒப்புக்கொண்டதாகும். கடைசியில் வேறொரு பேச்சைச் சாக்காக வைத்து 1896ல் மூன்று மாதம் உள்ளே வைத்தார்கள். 1927ல் அவருக்கும் நோபல் வந்தது. 1933ல் ஜெனீவாவுக்குத் தப்பினார், 1941ல் அங்கேயே இறந்தார்.

சைக்கிள்காரன்: 1914ல் சமூக ஜனநாயகக் கட்சி ஏன் போருக்கு ஓட்டுப் போட்டது தோழர்? அந்தக் கட்சி எம்.பி. லீப்க்னெக்ட் அமைதிவாதிதானே?

ஜூலை கடைசியில் அதே கட்சி நாடு முழுக்கப் போர் எதிர்ப்புக் கூட்டம் நடத்தி லட்சக்கணக்கானவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 4 அன்று, போர்க் கடனுக்குக் கை தூக்கியது. ரஷ்ய ஜார் வந்து நசுக்கிவிடுவான் என்ற பயம் உண்மை. கட்சியையே தடை செய்துவிடுவார்கள் என்ற பயமும் உண்மை. முந்தின நாள் உள்கூட்டத்தில் 78 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. அந்த 14 பேரும் கட்டுப்பாடு என்று சொல்லி அவையில் சேர்ந்தே ஓட்டுப் போட்டார்கள், லீப்க்னெக்ட் உட்பட. டிசம்பர் 2ஆம் தேதி அடுத்த ஓட்டெடுப்பில்தான் அவர் தனியாக எதிர்த்தார்.

அமைதிவாதியா என்றால், இல்லை தோழர். வர்க்கப் போருக்கு அவர் தயார். நாடுகள் நடத்தும் போர்தான் கூடாது. அதே கட்சியின் ரோசா லுக்சம்பர்க்கும் அப்படித்தான். இரண்டையும் போட்டுக் குழப்பினால் இருவருக்குமே கோபம் வரும்.

மழைக்காகிதம்: ஐன்ஸ்டைன்? அமைதி அமைதி என்று பேசிவிட்டு அணுகுண்டு செய்யச் சொல்லிக் கடிதம் போட்டவர்தானே.

1914 அக்டோபரில் 93 அறிஞர்கள் ஜெர்மன் படைக்கு வக்காலத்து வாங்கி அறிக்கை விட்டார்கள். அதற்கு எதிராக மருத்துவர் நிகோலாய் ஓர் அறிக்கை எழுதினார். கையெழுத்துப் போட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அதில் ஐன்ஸ்டைன் ஒருவர். 1930ல் நியூயார்க்கில், படைக்கு அழைக்கப்படுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் மறுத்தாலே அரசாங்கத்தின் கை கட்டப்படும், அத்தனை பேருக்குச் சிறையில் இடம் கிடையாது என்றார். 1933ல் ஹிட்லர் வந்ததும், நான் இப்போது பெல்ஜியக்காரனாக இருந்தால் படையில் சேருவேன் என்று மாற்றிக்கொண்டார். பழைய தோழர்கள் துரோகி என்றார்கள். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1939 கடிதம் அந்தத் திருப்பத்துக்குப் பிறகு வந்தது, அதற்கு முரணாக இல்லை.

முத்துநகர்: இரண்டு போருக்கும் நடுவில் என்ன ஆனது? அத்தனை லட்சம் பேர் செத்த பிறகாவது ஜனங்கள் திருந்தியிருக்க வேண்டுமே.

கொஞ்ச காலம் அப்படித்தான் தெரிந்தது. ‘இனி ஒருபோதும் போர் வேண்டாம்’ என்று 1920களின் தொடக்கத்தில் பெர்லினில் லட்சம் பேர் கூடிய ஊர்வலங்கள் நடந்தன. எர்ன்ஸ்ட் ஃப்ரீட்ரிக் என்ற முரட்டு ஆள் 1924ல் ஒரு படப் புத்தகம் போட்டார். தாடை போன, மூக்கு போன சிப்பாய்களின் முகங்கள், நான்கு மொழிகளில் குறிப்பு. அடுத்த வருடம் பெர்லினில் போர் எதிர்ப்பு அருங்காட்சியகம் திறந்தார். 1933ல் நாஜி அடியாட்கள் அதை அடித்து நொறுக்கி, தங்கள் கூடாரமாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் இந்தக் காலத்தில் ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் கார்ல் ஃபொன் ஒசியெட்ஸ்கி. ‘வெல்ட்பூனே’ வார இதழின் ஆசிரியர். முதல் உலகப் போருக்குப் பிறகு போட்ட வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனிக்கு விமானப்படை கூடாது. ரகசியமாக வளர்க்கிறார்கள் என்று 1929ல் அவர் இதழில் கட்டுரை வந்தது. தகவல் பொய் என்று யாரும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னதுதான் குற்றம். 1931ல் தேசத்துரோகம், 18 மாதம். வெளிநாடு போய்விடுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினால் குரல் உள்ளே கேட்காது என்று மறுத்தார். 1932 மே மாதம் தேகல் சிறைக்குப் போனார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் பொது மன்னிப்பில் வெளியே வந்தார். இரண்டே மாதம். 1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றம் எரிந்தது, விடிவதற்குள் பிடித்துப் போனார்கள்.

சோனன்பர்க், அப்புறம் எஸ்டர்வேகன் முகாம். சதுப்பில் மண் வெட்டும் வேலை, அடி, காசநோய். 1936 நவம்பரில், 1935க்கான நோபல் அமைதிப் பரிசு அவருக்கு என்று ஓஸ்லோ அறிவித்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம் என்று ஹிட்லரின் வலதுகை கோரிங் அழுத்தினான். அவர் ஏற்றுக்கொள்வதாகவே எழுதினார். பரிசு வாங்கப் போக விடவில்லை; இனி எந்த ஜெர்மானியனும் நோபல் வாங்கக் கூடாது என்று ஹிட்லர் உத்தரவு போட்டான். வந்த பரிசுப் பணத்தில் பெரும் பகுதியை வக்கீல் சுருட்டினான். 1938 மே 4, பெர்லின் மருத்துவமனையில், காவல்காரர்கள் நிற்க உயிர் போனது. இன்னொன்றும் கேளுங்கள்: 1931 தீர்ப்பை மறுபடி விசாரியுங்கள் என்று மகள் கேட்டதை 1992ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காகிதத்தில் அவர் இன்னும் குற்றவாளிதான்.

தேவாலயத்தெரு: நாஜி காலத்தில் படைக்கு வர மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டா? திருச்சபை துணை நின்றதா?

உண்டு. பெரும்பாலும் யெகோவாவின் சாட்சிகள். போர் தொடங்கி இரண்டே வாரம். 1939 செப்டம்பர் 15 அன்று சாக்சன்ஹௌசன் முகாமில் ஆகஸ்ட் டிக்மனை மற்ற கைதிகள் பார்க்கச் சுட்டார்கள். பார்த்தவர்களில் அவருடைய சொந்தச் சகோதரரும் ஒருவர். போர் முடிவதற்குள் அந்தச் சபையைச் சேர்ந்தவர்களில் 250க்கும் மேற்பட்டோர் படைசேர மறுத்ததற்காகக் கொல்லப்பட்டார்கள்.

பெரிய சபைகளில் மறுத்தவர்கள் மிகக் குறைவு. புராட்டஸ்டன்ட் பக்கம் ஹெர்மன் ஸ்டோர், 1940 ஜூனில் பெர்லினில் தலை வெட்டப்பட்டார். கத்தோலிக்கப் பக்கம் ஆஸ்திரிய விவசாயி ஃப்ரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். அவர் லின்ஸ் ஆயரிடமே போய்க் கேட்டார். மூன்று பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், போ, போரின் நியாயம் உன் பொறுப்பு இல்லை என்று ஆயர் சொல்லி அனுப்பினார். 1943 ஆகஸ்ட் 9 அன்று வெட்டினார்கள். 2007ல் அதே திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. துணை நின்றதா என்ற உங்கள் கேள்விக்கு இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிச்சாலை: காந்தியின் பாதிப்பு ஏதாவது?

ஒரு நிறைவேறாத பயணம் இருக்கிறது. பாதிரியார் டீட்ரிக் போன்ஹோஃபர் காந்தியிடம் வந்து தங்கிக் கற்க ஆசைப்பட்டார். 1934ல் காந்தியும் வரச் சொல்லி எழுதினார். ஜெர்மனியில் வேலை வந்துவிட்டது, போகவில்லை. பின்னாளில் ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்டவர்களோடு சேர்ந்து, 1945 ஏப்ரலில் தூக்கில் போனார். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பது வீண். ஆனாலும் யோசிப்பேன்.

வெள்ளிக்கிழமை: அக்கா, உங்களுக்கு இது எப்படிப் பிடித்தது என்று இன்னும் சொல்லவில்லை.

சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் சட்டம் வேண்டும்.

1949ல் மேற்கு ஜெர்மனி அரசியல் சட்டம் எழுதியபோது நாட்டில் படையே கிடையாது. அப்போதே நான்காம் பிரிவில் எழுதினார்கள்: மனசாட்சிக்கு எதிராக யாரையும் ஆயுதம் ஏந்திப் போரிடக் கட்டாயப்படுத்தக் கூடாது. பின்னால் குடியரசுத் தலைவரான தியோடர் ஹொய்ஸ் இதை எதிர்த்தார். ஊரெல்லாம் மனசாட்சியை எடுத்து வீசுவார்கள், அதற்கு மதிப்பே இருக்காது என்று. ஆனாலும் நின்றது. 1955ல் படை வந்தது, மறு வருடம் கட்டாய ராணுவ சேவையும் வந்தது. உரிமை சும்மா கிடைக்குமா? குழுவுக்கு முன்னால் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டும். அங்கே ஒரு பிரபலமான கேள்வி: காட்டு வழியில் காதலியோடு நடக்கிறாய், ரவுடிகள் அவளைப் பிடிக்கிறார்கள், உன் கையில் துப்பாக்கி இருக்கிறது, என்ன செய்வாய்? சுடுவேன் என்றால் நீ அமைதிவாதி இல்லை, போ படைக்கு. சுட மாட்டேன் என்றால் நம்புகிறபடி இல்லை, போ படைக்கு. இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று சொல்லித்தர சபைகளும் சங்கங்களும் ஆலோசனை வகுப்பே நடத்தின. இன்னும் சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மேற்கு பெர்லினுக்கே குடிபோனார்கள்; நேச நாடுகளின் பொறுப்பில் இருந்த ஊர் என்பதால் அங்கே கட்டாய சேவை செல்லாது.

1977ல் ஓர் அஞ்சல் அட்டை போட்டால் போதும் என்று சட்டம் மாற்றினார்கள். சில மாதத்தில் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை நிறுத்தியது. 1984 முதல்தான் பெரும்பாலானவர்களுக்கு எழுதிக் கொடுத்தாலே போதும் என்று ஆனது. விலை: படைக்குப் போனால் 15 மாதம், போகாதவன் 20 மாதம் சிவில் சேவை செய்ய வேண்டும். முதியோர் இல்லம், மருத்துவமனை, ஆம்புலன்ஸ், ஊனமுற்றோர் பள்ளி. இப்படிச் செய்கிற பையனை ‘ட்ஸிவி’ என்பார்கள். 1961 முதல் 2011 வரை 25 லட்சத்துக்கும் அதிகமான ட்ஸிவிகள்.

எங்கள் இல்லத்துக்கு 2003ல் ஒரு ட்ஸிவி வந்தான். பத்தொன்பது வயது, காதில் வளையம். அப்போது பத்து மாதமாகக் குறைத்திருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு தாத்தா, கிழக்கு முனையில் சண்டை போட்டவர், இடது கையில் இரண்டு விரல் கிடையாது. பையன் வந்த முதல் நாளே, ‘என்ன, படைக்குப் பயந்து ஒளிந்த ஆளா’ என்றார். அவன் ஒன்றும் சொல்லாமல் சவர நுரையைக் குழைத்தான். தினமும் காலை ஏழரைக்கு அவருக்குச் சவரம் அவன் வேலை. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கை மாற்றும் வேலை, அதனால் பேச்செல்லாம் காதில் விழும். ஒரு நாள் தாத்தா, மனசாட்சிக் கடிதத்தில் என்னடா எழுதினாய் என்று கேட்டார். பையன் உண்மையைச் சொன்னான்: பாதி நண்பனுடையதைப் பார்த்து எழுதியது, பாதி என் பாட்டி சொன்ன கதை. தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறார்களா?’ என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவருக்கு. விடுகிறார்கள் என்றான் பையன், தாடையைத் திருப்பச் சொல்லிவிட்டு.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் முதல் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தேன். எழுதிக் கொடுத்தால் விடாத காலத்தில் என்ன நடந்தது என்று.

பொட்டிக்கடை: முதல் கேள்வி கேட்டவன்தான். அப்போ அந்தப் பையன் பாதி காப்பியடித்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள். இதில் மனசாட்சி எங்கே இருக்கிறது?

நியாயமான குத்தல். லட்சக்கணக்கானவர்களுக்கு அது ராணுவ முகாமில் நிற்பதைவிட வசதியான வழி, அவ்வளவுதான். ஹொய்ஸ் பயந்தது ஓரளவு நடந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பத்து மாதம் தினமும் இன்னொருவர் மலம் துடைப்பது வசதியான வழி என்று செய்து பார்த்தவன் யாரும் சொல்ல மாட்டான். 2011ல் கட்டாய சேவையை நிறுத்தியபோது எங்களைப் போன்ற இல்லங்கள்தான் ஆள் இல்லாமல் தவித்தன. படையைவிட நாங்கள்தான் அதிகம் அழுதோம்.

நெய்தல்: கிழக்கு ஜெர்மனியில்? அங்கே அரசே ‘அமைதி அரசு’ என்று சொல்லிக்கொண்டதே.

அதனால்தான் அங்கே கதை இன்னும் சுவாரஸ்யம். 1962ல் கட்டாய ராணுவம். 1964ல், சபைகளின் நெருக்குதலால், ஆயுதம் இல்லாத ‘கட்டுமானச் சிப்பாய்’ என்று ஒரு பிரிவு வைத்தார்கள். சீருடை உண்டு, தோள்பட்டையில் ஒரு மண்வெட்டிச் சின்னம். கட்டியது பெரும்பாலும் ராணுவத்துக்கே. அதில் இருந்தவனுக்கு அப்புறம் பல்கலைக்கழகக் கதவு திறப்பது அபூர்வம். அதையும் மறுத்தவனுக்குச் சிறை.

1980ல் வந்தது துணிச் சின்னம். ஐ.நா. தோட்டத்தில் சோவியத் அரசு பரிசளித்த சிலை ஒன்று உண்டு, வாளை அடித்துக் கலப்பையாக்கும் ஆள். அந்தப் படத்தோடு ‘வாள்கள் கலப்பைகளாக’ என்ற பைபிள் வரி. சாக்சனியில் இளைஞர் ஊழியம் பார்த்த பாதிரியார் ஹரால்ட் பிரெட்ஷ்னைடரின் யோசனை. காகிதத்தில் அச்சடிக்க அரசு அனுமதி வேண்டும். துணியில் அச்சடிப்பது ‘துணி மேற்பரப்பு வேலை’, அனுமதி வேண்டாம். அந்தச் சந்தில் புகுந்து, ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவிய சபையின் அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். (நம்மூர் தொடர்பு ஒன்று: இதே ஹெர்ன்ஹூட் சபையார்தான் 1760ல் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுத் தங்கியவர்கள்.)

பிள்ளைகள் அதைச் சட்டையில் தைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். போலீஸ் திணறியது. சோவியத் சிலையைத் தடை செய்வது எப்படி? 1982ல் தடை செய்தே விட்டார்கள். தெருவில் நிறுத்திப் பிய்த்தார்கள். பிள்ளைகள் பிய்த்த இடத்தை அப்படியே வட்ட ஓட்டையாக விட்டுக்கொண்டு திரிந்தார்கள். சிலர் அங்கே வெள்ளைத் துணி தைத்து, ‘இங்கே ஒரு கொல்லர் இருந்தார்’ என்று எழுதினார்கள். 1983 செப்டம்பரில் விட்டன்பர்கில், லூதர் வாழ்ந்த வீட்டு முற்றத்தில், ஒரு கொல்லர் நிஜமாகவே உலை மூட்டி ஒரு வாளைக் கலப்பையாக அடித்தார். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர்.

லைப்சிக்கில் நிக்கோலாய் ஆலயத்தில் திங்கள் மாலை அமைதி ஜெபம் 1982ல் தொடங்கியது. சில வாரம் பத்துப் பேர்கூட வர மாட்டார்கள். 1989 அக்டோபர் 9 அன்று அதே ஜெபம் முடிந்து வெளியே வந்தால் தெருவில் 70,000 பேர், கையில் மெழுகுவத்தி, ‘வன்முறை வேண்டாம்’ என்று கோஷம். மருத்துவமனைகளில் ரத்தம் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு குண்டும் பாயவில்லை. ஒரு மாதத்தில் சுவர் திறந்தது.

சைக்கிள்காரன்: மேற்கில் 80களில் அமெரிக்க அணு ஏவுகணைகளை நிறுத்துவதற்கு எதிராகப் பெரிய போராட்டம் நடந்ததே. ஜெயித்ததா தோழர்?

1981 அக்டோபரில் பான் நகரில் மூன்று லட்சம் பேர். 1983 அக்டோபர் 22 அன்று ஸ்டுட்கார்ட்டிலிருந்து நொய்-உல்ம் வரை 108 கிலோமீட்டருக்கு மனிதச் சங்கிலி. எங்கள் ஊர்க் கிழவிகளில் பலர் அதில் நின்றவர்கள், இன்னும் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம் என்று சரியாகச் சொல்வார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 22, நாடாளுமன்றம் ஏவுகணைக்குச் சரி சொன்னது. தோல்வி. 1987ல் ரீகனும் கோர்பச்சேவும் அந்த ஏவுகணைகளையே ஒழிக்க ஒப்பந்தம் போட்டார்கள். நாங்கள்தான் காரணம் என்று சங்கிலிக்காரர்கள் சொல்வார்கள். ஏவுகணை வைத்ததால்தான் ரஷ்யா இறங்கி வந்தது என்று எதிர்த்தரப்பு. என்னைக் கேட்டால் கோர்பச்சேவ்.

ரயில்பூச்சி: பசுமைக் கட்சியே பின்னாளில் போருக்கு ஓட்டுப் போட்டதே?

1999, கோசோவோ போர். வெளியுறவு அமைச்சர் யோஷ்கா ஃபிஷர் பீலஃபெல்ட் மாநாட்டில் ‘இனி போர் வேண்டாம் என்று மட்டும் நான் கற்கவில்லை, இனி ஆஷ்விட்ஸ் வேண்டாம் என்றும் கற்றேன்’ என்கிற பொருளில் பேசினார். ஆஷ்விட்ஸ் என்றால் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த முகாம். அதற்கு முன்பே போர் எதிர்ப்பாளர் ஒருவர் எறிந்த சிவப்புச் சாயப் பை அவர் காதில் பட்டுச் செவிப்பறை கிழிந்தது. அந்த இரண்டு ‘இனி வேண்டாம்’களும் மோதினால் எதை விடுவது என்பதில்தான் இன்றுவரை சண்டை. 2003ல் இராக் போரை எதிர்த்துப் பெர்லினில் ஐந்து லட்சம் பேர் நின்றார்கள். 2022ல் உக்ரைன் போர் தொடங்கி மூன்று நாள் கழித்து அதே பெர்லினில் ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ அறிவித்தார்கள், அவையில் பலர் எழுந்து கை தட்டினார்கள். எங்கள் சாப்பாட்டு அறையில் அன்று இரண்டு மேசை பேசிக்கொள்ளவில்லை.

மழைக்காகிதம்: இலையுதிர் காலத்தில் பெர்லின் வருகிறேன். இதெல்லாம் கண்ணால் பார்க்க எங்கே போவது?

நாஜிகள் நொறுக்கிய அந்த அருங்காட்சியகத்தை ஃப்ரீட்ரிக்கின் பேரன் 1982ல் மறுபடி திறந்தார். இப்போது வெட்டிங் பகுதியில், சின்ன இடம். மாலையில் திறப்பார்கள், கட்டணம் இல்லை. கீழே குண்டுவீச்சுக் காலப் பதுங்கு அறையும் உண்டு.

நாள் மிச்சம் இருந்தால் பெல்ஜியத்தில் ஃப்லாட்ஸ்லோ என்ற ஊரின் ஜெர்மன் போர்க் கல்லறைக்குப் போங்கள். கேத்தே கோல்விட்ஸ் என்ற சிற்பியின் இளைய மகன் பீட்டர் 1914ல் தானே படைக்குப் போக ஆசைப்பட்டான். பதினெட்டு வயது, அப்பா கையெழுத்து வேண்டும். அப்பா மறுத்தார், அவரைச் சம்மதிக்க வைத்தது அம்மா கேத்தே. அக்டோபரில் பையன் செத்தான். போர் முடியப் போகும் 1918ல், இன்னும் இளைஞர்கள் வாருங்கள் என்று ஒரு கவிஞர் அழைத்தபோது, விதைநெல்லை அரைக்கக் கூடாது என்ற கதேயின் வரியை எடுத்துப் பத்திரிகையில் பதில் எழுதினார் கேத்தே. மகனுக்காக அவர் ஆரம்பித்த சிற்பம் முடிய 1932 ஆனது. முழங்காலிட்ட அப்பா, முழங்காலிட்ட அம்மா, முகம் அவர்களுடையதே. அம்மா குனிந்திருப்பார். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நேரே பார்ப்பார். அவர் பார்க்கும் திசையில் புல்லில் பதித்த கற்களில் ஒன்றில் பீட்டரின் பெயர் இருக்கிறது, இன்னும் பல பெயர்களுக்கு நடுவில். தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். மழைக் கோட்டு எடுத்துப் போங்கள்.